ஐ.இ.எம் ட்யூனிங்: டிப்பில் தொடங்கி ஈக்யூவில் முடிப்பது

லட்ச ரூபாயை ஒட்டிய விலையில் ஒரு இன்-இயர் மானிட்டர் (சுருக்கமாக ஐ.இ.எம், காதுத் துளைக்குள் செருகும் இயர்போன்) வாங்கி, பெட்டியைப் பிரித்து, அதிலேயே மாட்டியிருக்கும் நடு சைஸ் டிப்போடு (காதில் செருகும் மிருதுவான உறை) காதில் போட்டு, பத்தே நிமிஷத்தில் "பேஸே இல்லை, ட்ரெபிள் காதைக் குத்துது" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பத்து நிமிஷம் அவர்கள் கேட்டது பெரும்பாலும் சரியாக உட்காராத டிப்பின் ஒலி. கருவியின் ட்யூனிங்கை, அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்று அமைத்திருப்பதை, அவர்கள் இன்னும் கேட்கவே இல்லை.

ஆகவே இங்கே சொல்லும் வரிசையில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. முதலில் டிப், பிறகு சோர்ஸ் (ஐ.இ.எம்மைச் செருகும் போன், லேப்டாப் போன்ற கருவி), பிறகு அமைதியாகக் கேட்பது, அதற்குப் பிறகுதான் ஈக்யூ (அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் ஈக்வலைசர்). டேப் ஒட்டுவதும் ஓட்டை அடைப்பதும் கடைசி. வரிசை மாறினால் ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மூடிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

நான்கைந்து ஜோடி டிப், போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் (கேட்கும் அதிர்வெண்ணில் ஒற்றை ஒலி எழுப்புவது), ஒரு பேராமெட்ரிக் ஈக்யூ (அதிர்வெண், அளவு, அகலம் மூன்றையும் நாமே வைக்கக்கூடியது), ஒரு நோட்டு. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் அரை அங்குல மைக்ரோபோர் டேப் ஒரு சுருள். மிருதுவான பிரஷ் ஒன்று. பெங்களூர் எஸ்.பி. ரோடு பக்கம் போனால் சர்க்யூட் போர்டு துடைக்க விற்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சின்ன பாட்டிலும், நாஸிலின் (டிப் மாட்டும் குழாய்) விட்டத்தை அளக்க ஒரு டிஜிட்டல் வெர்னியரும் வாங்கிக்கொள்ளலாம். இவ்வளவு போதும்.

முதல் வேலை: டிப்

ஐ.இ.எம்மின் பேஸ் காற்றுப் புகாத அடைப்பை நம்பித்தான் இருக்கிறது. டிப்புக்கும் காதுத் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் கீழ் பேஸ் அந்த வழியே வெளியேறிவிடும். மிட்டும் (நடு அதிர்வெண்கள்) ட்ரெபிளும் அப்படியே நிற்கும். கேட்கிறவருக்கு அது மெலிந்த, கூச்சலான ஒலியாகப் படும்; பழி ட்யூனிங் மேல் விழும்.

சோதிப்பது எளிது. டோன் ஜெனரேட்டரில் 40 ஹெர்ட்ஸ் வைத்து, சத்தத்தை மெதுவாக வையுங்கள். விரலால் ஐ.இ.எம்மை லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தியதும் அந்த ஹம் சட்டென்று பெருத்தால் அடைப்பு போதவில்லை என்று அர்த்தம். அழுத்தினாலும் விட்டாலும் ஒரே அளவில் இருந்தால் சரி. பிறகு வெற்றிலை மெல்வது போலத் தாடையை நாலு தடவை அசையுங்கள். தலையை இரண்டு பக்கமும் திருப்புங்கள். அப்போது ஹம் விட்டுவிட்டு வந்தால் ஒரு சைஸ் பெரிதாகப் போக வேண்டும், அல்லது ஃபோம் டிப்புக்கு மாற வேண்டும். இரண்டு காதையும் தனித்தனியே சோதியுங்கள். வலக் காதும் இடக் காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வலதுக்கு நடு சைஸ், இடதுக்குப் பெரியது என்று போட்டுக்கொள்வது சகஜம்.

மாட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், காது மடலின் மேல்பகுதியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். துளை நேராகும். அப்போது நாஸிலை உள்ளே செலுத்தி, லேசாக முன்பக்கம் திருகிவிட்டு, மடலை விடுங்கள். ஒயர் காதின் மேல் வழியாகப் பின்னால் போகட்டும். டைனமிக் டிரைவர் (டயஃப்ரம் என்ற சவ்வு அதிர்ந்து ஒலி எழுப்பும் உறுப்பு) உள்ளவற்றில் செருகும்போது காகிதம் நொறுங்குவது போல ஒரு 'கிரிச்' கேட்கலாம். உள்ளே அடைபட்ட காற்று டயஃப்ரமைத் தள்ளுவதால் வரும் சத்தம் அது. பயப்பட வேண்டாம், வேகமாகக் குத்தாமல் மெதுவாகச் செருகினால் குறையும்.

டிப்பின் வாய் அகலமாக இருந்தால் ட்ரெபிள் திறந்து வரும், பேஸ் கொஞ்சம் இளைக்கும். வாய் குறுகினால் ட்ரெபிள் அடங்கும், பேஸ் திரளும். ஃபோம் டிப் அடைப்பில் முதலிடம். கூடவே மேல் ட்ரெபிளைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அதை உலர்ந்த விரலால் நசுக்கி, செருகி, உள்ளே விரிந்து முடியும் வரை அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். நசுக்கிய கையோடு விட்டுவிட்டு, "ஃபோம் எனக்கு நிக்கல" என்று ஒதுக்குபவர்கள்தான் அதிகம். டிப்களில் ஸ்பின்ஃபிட், அஸ்லா செட்னா, ஃபைனல் ஈ டைப், கம்ப்ளை எல்லாமே நல்ல பெயர்கள்தான். ஆனால் உங்கள் காதுக்கு எது பொருந்தும் என்பதைப் பெயர் சொல்லாது.

நாஸில்கள் பெரும்பாலும் சுமார் 5 மில்லிமீட்டரிலிருந்து 6.5 வரை இருக்கும். மெல்லிய நாஸிலில் தளர்ந்த டிப்பைப் போட்டால், கழற்றும்போது டிப் காதுக்குள்ளேயே தங்கிவிடும். தங்கினால் ஹேர்பின்னை எடுக்காதீர்கள், ஈ.என்.டி டாக்டரிடம் போய்விடுங்கள்.

சோர்ஸ்

விலை உயர்ந்த ஐ.இ.எம்களில் பல, பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற இன்னொரு வகைக் குட்டி டிரைவர்களை நாலு, ஆறு, எட்டு என்று அடுக்கியவை. இவற்றின் இம்பீடன்ஸ் (ஓமில் சொல்லும் மின்தடை) எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. அட்டையில் '1 கிலோஹெர்ட்ஸில் இவ்வளவு ஓம்' என்று ஓர் எண் மட்டும் போட்டிருப்பார்கள். நிஜத்தில் ஓர் இடத்தில் 10 ஓம், இன்னோர் இடத்தில் 40 ஓம் என்று ஏறி இறங்கும்.

இங்கேதான் ஆம்ப்பின் (சோர்ஸுக்குள் ஒலியைப் பெருக்கித் தரும் பகுதி) அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது அதன் சொந்தத் தடை, குறுக்கே வருகிறது. அது 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.இ.எம் 10 ஓம் காட்டும் இடத்தில் மின்னழுத்தம் பாதியாகும், அதாவது 6 டெசிபல் இழப்பு. 40 ஓம் காட்டும் இடத்தில் இழப்பு 2 டெசிபல்தான். ஆக, நீங்கள் எதையும் தொடாமலே ட்யூனிங் 4 டெசிபல் கோணிவிட்டது. அதே ஐ.இ.எம்மை 1 ஓம் சோர்ஸில் போட்டால் இந்த வித்தியாசம் 0.6 டெசிபல் மட்டுமே. ஐ.இ.எம்மின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவான சோர்ஸ் வேண்டும் என்று சொல்வது இதனால்தான். கேம்ப்ஃபயர் ஆண்ட்ரோமெடா போல 12.8 ஓம் கருவிக்கு அந்தக் கணக்கு 1.6 ஓமில் வந்து நிற்கும். பழைய மிக்ஸர்களிலும் லேப்டாப் ஜாக்குகளிலும் இதைவிடப் பல மடங்கு இருக்கலாம்.

உணர்திறன் அதிகமுள்ள ஐ.இ.எம் என்றால் பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். 'உஸ்ஸ்' என்ற ஹிஸ் வந்தால் டாங்கிளை (போனுக்கும் ஐ.இ.எம்முக்கும் நடுவே செருகும் குட்டிக் கருவி) மாற்றுங்கள். ஹிஸ்ஸை ஈக்யூவால் விரட்ட முடியாது. ஆப்பிளின் சின்ன யூ.எஸ்.பி-சி டாங்கிள் மலிவானது, அவுட்புட் இம்பீடன்ஸும் குறைவு. ஆனால் ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் அதன் முழுச் சத்தம் எழாது.

ஒயர் விஷயத்தில் நீண்ட சண்டைகள் உண்டு. ஒயரின் மின்தடை மேலே சொன்ன ஓம் கணக்கில் சேரும். அந்த அளவுக்கு அது ஒலியை மாற்றும். அதைத் தாண்டி 30,000 ரூபாய் ஒயரில் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. அந்தப் பணத்தை டிப்புக்கும் நல்ல டாங்கிளுக்கும் போடலாம். ஆனால் 2-பின் ஒயரை மாற்றும்போது ஒரு பக்கத்தை மட்டும் தலைகீழாகச் செருகிவிட்டால் போலாரிட்டி (பிளஸ், மைனஸ் திசை) மாறிவிடும்: பேஸ் மெலிந்தது போலத் தோன்றும், பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி மிதக்கும். மோனோ பதிவு ஒன்றைப் போட்டால் உடனே தெரிந்துவிடும்.

எங்கே, எவ்வளவு சத்தத்தில், எதைக் கேட்பது

மெட்ரோ பர்ப்பிள் லைனில் வைட்ஃபீல்டு போகிற வழியில் ட்யூனிங் செய்ய உட்காராதீர்கள். ரயிலும் பி.எம்.டி.சி பஸ்ஸும் எழுப்பும் சத்தத்தில் பெரும்பங்கு கீழ் அதிர்வெண்ணில்தான் இருக்கிறது. அது பாட்டின் பேஸை மூடிவிடும். நீங்கள் பேஸை 6 டெசிபல் ஏற்றுவீர்கள். வீட்டுக்கு வந்து கேட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வரும். பயணத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு ஈக்யூ அமைப்புகளைச் சேமித்து வைத்துக்கொள்வதுதான் சரி. அடிப்படை ட்யூனிங்கை இரவு பதினொன்றுக்கு மேல் ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பெங்களூரின் குளிர் அதற்கு இடம் கொடுக்கும். சென்னைக்காரர்களுக்கு அந்த வசதி கிடையாது. வண்டி ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குள் ஐ.இ.எம் வேண்டவே வேண்டாம்.

சத்தத்தின் அளவு ட்யூனிங்கையே மாற்றிக் காட்டும். சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை மற்றதைவிட வேகமாக இழக்கிறது. பெல் லேப்ஸில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வரைந்த சம உரப்பு வளைவுகள் இதைத்தான் காட்டின. ஆகவே எப்போதும் கேட்கும் சத்தத்தில்தான் ட்யூன் செய்ய வேண்டும். இரண்டு ஐ.இ.எம்களை ஒப்பிடும்போது இன்னும் கவனம் தேவை: 1 டெசிபல் கூடுதலாக ஒலிப்பது காதுக்கு 'இன்னும் தெளிவாக' இருப்பதாகவே படும். இரண்டிலும் ஒரே குரல் பதிவைப் போட்டு, குரல் ஒரே அளவில் கேட்கும் வரை வால்யூமைச் சரிசெய்துவிட்டுப் பேசுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கும் நேரம் பாதியாகும்.

பாட்டுத் தேர்வில் கர்நாடக இசை நமக்குக் கைவந்த அளவுகோல். முக்கியமாக மிருதங்கம். அதன் வலந்தலையில் (வலப்பக்கத் தோல்) நடுவே கரணை (கருப்புப் பூச்சு) இருப்பதால் அது மற்றத் தோல் கருவிகளைப் போல வெறும் 'தட்' என்று ஒலிக்காது. அதன் மேற்சுரங்கள் தந்திக் கருவி போல ஒழுங்கான மடங்குகளில் அமைகின்றன. இதை விளக்கியவர் சி.வி. ராமன்; 1920-இல் முதல் குறிப்பு, பிறகு பெங்களூருக்கு வந்தபின் 1934-இல் விரிவான கட்டுரை. ட்யூனிங்குக்கு இதனால் என்ன பயன்? 'நம்' என்ற அடியில் சுருதி தெளிவாகக் கேட்க வேண்டும். சுருதி கேட்காமல் விரல் சத்தம் மட்டும் தூக்கலாக வந்தால் மேல் மிட்டிலோ ட்ரெபிளிலோ ஏதோ துருத்துகிறது. இடக் கைத் தொப்பியின் (இடப்பக்கத் தோல்) 'தொம்' கீழ் பேஸைக் காட்டும்: அடி விழுந்து, உருண்டு, அடுத்த அடிக்கு முன் அடங்க வேண்டும். துரித காலத்தில் 'தொம்'கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை கொழுப்பு அதிகம்.

தம்புரா வெறும் ரீங்காரமாகக் கேட்டால் மிட் பின்தங்கியிருக்கிறது. ஜீவாளியின் (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) மினுமினுப்பு தனியாகத் தெரிய வேண்டும். நாதஸ்வரம் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதிக்கு நல்ல பரீட்சை. அது உரக்க இருக்க வேண்டும், ஆனால் கண்ணைச் சுருக்க வைக்கக் கூடாது. அல்சூர் பக்கம் கோயில் உற்சவத்தில் மைக் இல்லாமல் நாதஸ்வரமும் தவிலும் வீதியில் வந்தால், பத்தடி தள்ளி நின்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கிராஃபும் தராத அளவுகோல் அது. குரலில் 'ச', 'ஸ', 'ஷ' உரசல்கள் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸுக்குள் (இனி சுருக்கமாக 'கிலோ') விழும். ஆண் பாடகர் 1 கட்டை சுருதியில் பாடினால் அவரது ஆதார ஸட்ஜம் 130 ஹெர்ட்ஸ் அளவில், பெண் பாடகர் 5 கட்டையில் பாடினால் 196 ஹெர்ட்ஸ் அளவில்; ஆண் குரல் மட்டும் கனத்து, பெண் குரல் சரியாக இருந்தால் எங்கே தேட வேண்டும் என்பது இதிலிருந்தே புரியும்.

கடைசியாக, கச்சேரிப் பதிவின் கைதட்டல். கைதட்டல் கைதட்டலாகக் கேட்க வேண்டும். முறத்தில் அரிசி புடைப்பது போலக் கேட்டால் ட்ரெபிள் அதிகம். மழைக்கு நனைந்த கையால் தட்டுவது போல இருந்தால் குறைவு.

கிராஃபை எவ்வளவு நம்பலாம்

ஸ்க்விக்லிங்க் போன்ற தளங்களில் ஆயிரக்கணக்கான ஐ.இ.எம்களின் கிராஃப்களை (எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க வருகிறது என்று காட்டும் கோடுகள்) ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். கீழே பேஸ் மேடு, 3 கிலோ சுற்றி ஒரு குன்று என்று பெரும்பாலானவை ஒரே சாயலில் இருக்கும். 3 கிலோ குன்று கோளாறல்ல. திறந்த காதுத் துளை இயல்பாகவே அந்தப் பகுதியை உயர்த்திக் கொடுக்கும், ஐ.இ.எம் துளையை அடைத்துவிடுவதால் அந்த உயர்வை ட்யூனிங்கிலேயே திருப்பித் தர வேண்டியிருக்கிறது. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் உடன் ஆய்வாளர்களும் பலரைக் கேட்க வைத்து உருவாக்கிய இலக்குக் கோடு இன்று பலருக்கும் ஒப்பீட்டுக் கோடாகிவிட்டது. அது பலருடைய விருப்பத்தின் சராசரி. உங்கள் விருப்பம் அதற்கு 3 டெசிபல் மேலோ கீழோ இருந்தால் நீங்கள் தப்பு செய்யவில்லை.

பெரும்பாலான கிராஃப்கள் 711 என்று அழைக்கப்படும் கப்ளரில் (காதுத் துளையைப் போல அமைத்த அளவுக் கருவி) எடுத்தவை. 8 கிலோவை ஒட்டி அந்தக் கப்ளருக்கே ஒரு ஒத்ததிர்வு உண்டு. அங்கே தெரியும் கூர்மையான முனை (ஒலி சட்டென்று உயரும் இடம்) கருவியினுடையதா, கப்ளரினுடையதா என்று கிராஃபை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு மேல் உள்ள கோடுகளை வைத்து ஈக்யூ போடுவது அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பது மாதிரி.

உங்கள் காதின் முனையைக் கண்டுபிடிப்பது

இந்த ஒரு பயிற்சியைத் தவறவிடாதீர்கள். டிப் அடைத்த காதுக்குள், டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவே ஒரு சின்னக் குழாய் உருவாகிறது. இரண்டு பக்கமும் மூடிய குழாய். அதன் நீளம் 21 மில்லிமீட்டர் என்றால் ஒத்ததிர்வு சுமார் 8,200 ஹெர்ட்ஸில் வரும். டிப்பை 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் குழாய் 18 ஆகும், ஒத்ததிர்வு 9,500-க்கு ஏறிவிடும். ஒரே ஐ.இ.எம் ஒருவருக்குக் குத்துவதும் இன்னொருவருக்குப் பட்டுப்போல இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

வால்யூமை வழக்கத்தைவிட நன்றாகக் குறையுங்கள். முனையில் ஒலி திடீரென்று எழும்பும். டோன் ஜெனரேட்டரை 4 கிலோவில் தொடங்கி 12 கிலோ வரை மெதுவாக, ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு நகர்த்துங்கள். ஒலி எங்கே குத்துகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 5,800-லும் 8,300-லும் இரண்டு முனைகள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஐ.இ.எம்மை ஒரு மில்லிமீட்டர் உள்ளே அழுத்திப் பிடித்து மறுபடி ஓட்டுங்கள். 8,300 முனை 8,700-க்குப் போய்விட்டால் அது உங்கள் காதுக் குழாயின் வேலை; டிப்பை மாற்றி, ஆழத்தை மாற்றிச் சரிசெய்யலாம். 5,800 அசையாமல் நின்றால் அது டிரைவரிலோ ஷெல்லிலோ (ஐ.இ.எம்மின் கூடு) இருக்கும் முனை. அதற்கு ஈக்யூ வேண்டும். இடதையும் வலதையும் தனித்தனியே செய்யுங்கள், எண்கள் கொஞ்சம் வேறுபடும்.

ஈக்யூ

விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓவும் அதை எளிதாக இயக்கும் முகப்பான பீஸும் போதும். ஆண்ட்ராய்டில் பவராம்ப் ஈக்வலைசர். ஐபோனில் எல்லா ஆப்புக்கும் பொதுவான பேராமெட்ரிக் ஈக்யூ கிடையாது. அங்கே க்யூடெலிக்ஸ் 5கே போல ஈக்யூவைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் கருவி உதவும். மாடல்வாரியாக ஈக்யூ எண்கள் தரும் ஆட்டோஈக்யூவில் உங்கள் மாடலுக்கு ரெடிமேடாக எண்கள் இருந்தால் அவற்றில் 8 கிலோவுக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ப்ரீஆம்ப் (ஈக்யூவில் மொத்தச் சத்தத்தைக் குறைக்கும் எண்). நீங்கள் ஏற்றப்போகும் அதிகபட்ச அளவுக்குச் சமமாக, அரை டெசிபல் கூடுதலாக, கழித்தலில் வையுங்கள். பேஸை 4 டெசிபல் ஏற்றினால் ப்ரீஆம்ப் −4.5. இதை மறந்தால் உரத்த இடங்களில் 'கர்' என்று உடையும். டிரைவர் போய்விட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

பிறகு கீழிருந்து மேலே போங்கள். 105 ஹெர்ட்ஸில் ஒரு லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றுவது), க்யூ 0.7 (க்யூ கூடக் கூட மாற்றம் குறுகலாகும்), 2 அல்லது 3 டெசிபலில் தொடங்குங்கள். தொப்பியில் கனம் வந்ததும் நிறுத்துங்கள். குரல் கனத்துப் போயிருந்தால் 200 ஹெர்ட்ஸில் க்யூ 0.8 வைத்து 2 டெசிபல் இறக்குங்கள். பேஸை ஏற்றுவதைவிட இந்த ஒரு இறக்கம் பல சமயம் நல்ல பலன் தரும். அடுத்து 3 கிலோ, க்யூ 1.2. குரல் முகத்தில் வந்து மோதினால் 1.5 இறக்கம், திரைக்குப் பின்னால் நின்றால் 1.5 ஏற்றம். இந்த இடத்தில் 1 டெசிபல்கூடப் பெரிய மாற்றம், ஆகவே அரை அரையாக நகருங்கள். கடைசியில் நீங்கள் கண்டுபிடித்த அசையாத முனை: மேலே சொன்ன உதாரணத்தில் 5,800, க்யூ 4, −3. பத்து கிலோவுக்கு மேலே கை வைக்காதீர்கள்.

சாதாரணமாக நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, கிராஃபில் தெரியும் குறுகலான பள்ளத்தை ஏற்றி நிரப்பப் பார்ப்பது. இரண்டு டிரைவர்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று ரத்து செய்வதால் வரும் பள்ளம் என்றால் 8 டெசிபல் ஏற்றினாலும் நிரம்பாது. திரிபு மட்டும் கூடும். இன்னொன்று, ஆர்மேச்சர் மட்டுமே உள்ள ஐ.இ.எம்மில் கீழ் பேஸை 6, 7 டெசிபல் தூக்கிவிட்டு, டைனமிக் டிரைவரின் உதறல் வரவில்லையே என்று வருந்துவது.

ஈக்யூவைப் போட்டும் எடுத்தும் ஒப்பிடும்போது, எடுத்த நிலையிலும் அதே ப்ரீஆம்ப் இருக்கும்படி ப்ரீஆம்ப் மட்டும் உள்ள இரண்டாவது அமைப்பு ஒன்றைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஈக்யூ இல்லாதது 4.5 டெசிபல் உரக்க ஒலித்து எப்போதும் ஜெயித்துவிடும். ஒரு நாளில் ஒரு மாற்றம் போதும். காது களைத்த பிறகு எடுக்கும் முடிவுகள் மறுநாள் காலையில் நிற்பதில்லை.

கருவியிலேயே கை வைப்பது

மைக்ரோபோர் டேப்பில் ஒரு சின்ன வட்டம் வெட்டி நாஸில் வலையின் மேல் பாதி மறையும்படி ஒட்டினால் மேல் ட்ரெபிள் குறையும், பிடிக்கவில்லையென்றால் உரித்துவிடலாம். டைனமிக் டிரைவர் ஷெல்லில் முன்பக்க ஓட்டையை மூடினால் பேஸ் கூடும், செருகும்போது வரும் 'கிரிச்' சத்தமும் கூடும். பின்பக்க ஓட்டையை மூடினால் பொதுவாகப் பேஸ் இறுகிக் குறையும். இதையெல்லாம் இரண்டாயிரம் ரூபாய் ஐ.இ.எம்மில் பழகுங்கள். விலை உயர்ந்ததைப் பிரித்துக் கைவைத்தால் வாரன்ட்டி போகும். பின்னால் விற்கும்போது விலையும் போகும்.

சில கம்பெனிகள் இந்த வசதியைத் தாங்களே தருகின்றன. 64 ஆடியோவின் ஏபெக்ஸ் மாட்யூல் (ஷெல்லில் மாட்டி, உள்காற்றை வெளியேற விடும் குட்டிச் செருகல்) ஓர் உதாரணம்: எம்20 போட்டால் வெளிச்சத்தம் சுமார் 20 டெசிபல் தடைபடும், எம்15-இல் 15, எம்எக்ஸில் 10. காற்று எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவு பேஸ் குறையும். வேறு சிலவற்றில் குட்டி ஸ்விட்ச்சுகள் இருக்கும். அவற்றை ஊசியால் நகர்த்தினால் பிளாஸ்டிக் கீறும். பல் குத்தும் குச்சி போதும்.

கேட்டதை எழுதுவது

"டீடெயில் சூப்பர், சவுண்ட்ஸ்டேஜ் வேற லெவல்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. எந்தச் சூழ்நிலையில், எதைக் கேட்டு, எங்கே என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஒரு மாதிரி:

"டிப் அகன்ற வாய் சிலிகோன், வலது நடு, இடது பெரிது. 1 ஓம் டாங்கிள், ஈக்யூ இல்லை. இரவு 11, ஃபேன் இல்லை, பேச்சுச் சத்தத்துக்குக் கொஞ்சம் மேல். தொப்பி கனமாக விழுகிறது, ஆனால் துரித காலத்தில் அடங்காமல் ஒட்டுகிறது. பெண் குரல் தார ஸ்தாயிக்கு ஏறும்போது முன்னே பாய்கிறது. 'ஸ' உரசல் உண்டு, ஃபோமில் பாதியானது. வயலின் வில்லின் உரசல் தெளிவு. மிருதங்கம் ஒரு பக்கமும் வயலின் மறுபக்கமுமாக இடம் மாறாமல் நிற்கின்றன. 40 நிமிஷத்தில் காது களைத்தது."

இதைப் படிப்பவர் தன் டிப்பையும் தன் சோர்ஸையும் வைத்து, தனக்கு எப்படி இருக்கும் என்று கணக்குப் போட முடியும். முதல் நாள் ஒரு குறிப்பு, பத்தாம் நாள் ஒரு குறிப்பு எழுதுங்கள். நடுவில் ஒலி 'திறந்துகொண்டது' என்று தோன்றினால் பர்ன்-இன் (ஓடி ஓடி டிரைவர் பழகுவது) என்று சொல்லும் முன் டிப்பைப் பாருங்கள். பழகியது டிரைவரா, டிப்பா, உங்கள் காதா என்பதில் முதலாவதன் பங்கு மிகக் குறைவு.

ஒரு பக்கம் சத்தம் குறைந்தால்

சர்வீஸுக்கு அனுப்பும் முன் இந்த வரிசையில் தேடுங்கள். டிப்களைப் பக்கம் மாற்றிப் போடுங்கள். குறை டிப்போடு போனால் டிப்பில் அழுக்கு. போகவில்லையா, ஒயரை இடம்வலம் மாற்றிச் செருகுங்கள், பின் போலாரிட்டியைக் கவனித்து. குறை மற்றக் காதுக்குப் போனால் ஒயரோ சோர்ஸோ. அப்போதும் அதே ஷெல்லிலேயே நின்றால் நாஸில் வலையை வெளிச்சத்தில் பாருங்கள். குறும்பி படிந்திருந்தால் முதலில் போவது ட்ரெபிள், பிறகு மொத்தச் சத்தமும். நாஸிலைத் தரையைப் பார்க்கப் பிடித்து, உலர்ந்த பிரஷால் மேல்நோக்கித் தட்டுங்கள். அப்போதுதான் உதிர்வது கீழே விழும். ஆல்கஹால் தேவைப்பட்டால் பிரஷ் நுனியில் ஒரு துளி மட்டும், ஷெல்லை நிமிர்த்தாமல். ஊசியால் குத்தினால் வலை உள்ளே போகும். பிறகு ட்யூனிங்கே வேறாகிவிடும்.

மழைக்கால மாலையில் நடந்துவிட்டு வந்த பிறகு இந்தக் குறை தோன்றினால் வலையில் ஈரம் கோத்திருக்கலாம். டிப்பைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் ஒரு ராத்திரி மூடி வைத்துவிட்டு, காலையில் 40 ஹெர்ட்ஸ் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.